கருப்புத் திரையில் நின்ற லேப்டாப்: ஃபார்மேட் செய்யாமல் முந்தின நாளுக்குத் திருப்பிய பதிவு

கணக்கு எழுதும் சிறிய அலுவலகம் ஒன்றின் லேப்டாப். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 புரோ. உள்ளே டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கலுக்கு யுஎஸ்பி டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், ஒரு லேசர் பிரிண்டர், தமிழ் டைப் செய்ய ஒரு கீபோர்டு மென்பொருள். பாஸ்வேர்டு போட்டவுடன் திரை கருப்பாகி மவுஸ் அம்பு மட்டும் நிற்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினால் மெனு வருகிறது, டாஸ்க் மேனேஜர் வரை போகலாம். பத்து இருபது நொடியில் மறுபடி கருப்பு. சில நேரம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. முந்தின நாள் மாலை, எல்லா டிரைவர்களையும் (திரை, ஆடியோ போன்ற பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை அதில் ஓட்டியிருக்கிறார்கள்.

இப்படி வரும் கணினிக்கு ஃபார்மேட் என்று சொல்லிவிடுவது சுலபம். ஃபார்மேட் ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு டேலி லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும், டோக்கன் டிரைவரைத் தேட வேண்டும், பிரிண்டர் ஷேரிங் போட வேண்டும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்த வேண்டும். அலுவலகத்துக்கு இரண்டு நாள் போய்விடும். விண்டோஸை முந்தைய ஒரு நேரத்தின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் ஒழுங்காக நடந்தால் பழைய மேசை அப்படியே கிடைக்கும். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்: எந்த நேரத்துக்குத் திரும்புவது, எங்கிருந்து திருப்புவது. முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யோசிப்பவர் குறைவு. இந்த வேலையில் இயந்திரத்தைக் காப்பாற்றியது அந்த இரண்டாவதுதான்.

குறை எங்கே என்று பார்த்தது

சேஃப் மோடில், அதாவது மிக அவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் நிலையில், நிற்கிறதா என்பதுதான் முதல் சோதனை. லாகின் திரையிலேயே கீழே வலப்பக்கம் இருக்கும் பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீல நிற ரெகவரி திரை வரும். லாகின் திரைகூட வராத கணினி என்றால், லோகோ தெரியும்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே ரெகவரி பக்கம் போய்விடும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4.

இங்கே பலர் சிக்கிக்கொள்வார்கள். இன்றைய லேப்டாப்புகளில் சி டிரைவ் பெரும்பாலும் பிட்லாக்கர் பூட்டுடன்தான் வருகிறது. பூட்டு போட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. ரெகவரி திரைக்குள் போனதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கணினியில் முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கை மொபைலில் திறந்து, டிவைசஸ் பகுதியில் பார்த்தால் கீ இருக்கும். ஒரே கணக்கில் நாலைந்து கீ இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டு சரியானதை எடுக்க வேண்டும். கீ கைக்கு வராமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

சேஃப் மோடில் 40 நிமிடம் விட்டுப் பார்த்ததில் ஒரு தடங்கலும் இல்லை. அங்கே விண்டோஸ் தன்னுடைய அடிப்படை டிஸ்பிளே டிரைவரை மட்டுமே ஏற்றும். ஆகவே திரை, கேபிள், ராம் எல்லாம் நலம். கணினி சாதாரணமாகத் தொடங்கும்போது (பூட்) ஏறும் ஏதோ ஒரு டிரைவர்தான் வம்பு. எஸ்எஸ்டி தன் நலத்தைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களையும் பார்த்தாயிற்று, பிழை இல்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். டிஸ்க் சாகும் நிலையில் இருக்கும்போது ரீஸ்டோர் ஓட்டினால், ஆயிரக்கணக்கான கோப்புகளை அது திருப்பி எழுதப் போய் மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். பழைய ஹார்டுடிஸ்க்கில் ரீலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டர் (கெட்டதாகச் சந்தேகப்படும் பகுதி) எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் முதல் வேலை தரவை நகலெடுப்பது, இரண்டாவது வேலை புது டிஸ்க்.

நேரத்தைக் கண்டுபிடித்தது

"நேற்று சாயங்காலம்" என்பது ரீஸ்டோருக்குப் போதாது. நிமிடக் கணக்கு வேண்டும். விண்டோஸில் இதற்காகவே ரிலையபிலிட்டி மானிட்டர் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினாலே வரும். நாள் நாளாகப் பிரித்து, எந்த நாளில் என்ன நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறியுடன் காட்டும். முந்தின நாள் வரை கோடு சமமாகப் போய் அன்று மாலை சரேலென்று இறங்கியிருந்தது.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஎன்எஃப் ஃபோல்டரில் செட்டப்ஏபிஐ டாட் டெவ் டாட் லாக் என்ற கோப்பை நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு டிரைவர் நிறுவலும் தொடங்கிய, முடிந்த நேரத்துடன் அதில் பதிவாகியிருக்கும். கோப்பின் அடியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனால் சீக்கிரம் அகப்படும். மாலை 6:42 முதல் 6:55 வரை நான்கு டிரைவர்கள் மாறியிருந்தன: டிஸ்பிளே, ஆடியோ, புளூடூத், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். அதே டிஸ்பிளே டிரைவர் இரண்டு முறை ஏறியிருந்தது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே டிரைவரின் பண்புகளுக்குள் ரோல்பேக் டிரைவர் பட்டன் உண்டு. ஒரே ஒரு டிரைவர் கெட்டிருந்தால் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும். ஒரு டிரைவருக்காக முழு கணினியையும் பின்னுக்கு இழுப்பது தேவையில்லாத வேலை. ஆனால் அந்தப் பட்டன் ஒரே ஒரு படிதான் பின்னால் போகும். டிரைவர் இரண்டு முறை ஏறியிருந்தால் அதன் "முந்தைய" டிரைவரும் கெட்டதாகவே இருக்கும். இங்கே அதுதான் நடந்திருக்கிறது. ஆடியோவுக்கு அந்தப் பட்டனே மங்கலாக இருந்தது. ஸ்டோரேஜ் கன்ட்ரோலரைத் தனியாகக் கழற்றப் போனால் அடுத்த பூட்டே வராமல் போகலாம். நான்கும் சேர்ந்து ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்ற நிலைமையில்தான் சிஸ்டம் ரீஸ்டோர் என்று முடிவானது.

எது பின்னே போகும், எது போகாது

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் ரீஸ்டோர் பட்டனில் கை வைப்பது ஆபத்து. 2000-ல் விண்டோஸ் மில்லேனியத்துடன் வந்த வசதி இது. விஸ்டாவிலிருந்து வால்யூம் ஷேடோ காப்பி முறையில் வேலை செய்கிறது. திரும்பிப் போகக்கூடிய நேரக் குறிதான் ரீஸ்டோர் பாயின்ட். அது உருவாகும்போது டிஸ்க் முழுவதையும் நகலெடுப்பதில்லை. டிஸ்க்கை 16 கேபி கட்டங்களாகப் பார்த்து, அந்த நிமிடத்துக்குப் பிறகு எந்தக் கட்டத்தில் புதிதாக எழுத வருகிறதோ, அதன் பழைய உள்ளடக்கத்தை மட்டும் எடுத்து ஓரமாக வைக்கிறது. வைக்கும் இடம் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைந்த ஃபோல்டர். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழைய பாயின்ட்டிலிருந்து கழன்று போகும். டிஸ்க் நிறைந்து வழியும் கணினிகளில் நேற்று இருந்த பாயின்ட் இன்று காணாமல் போவது இதனால்தான்.

திருப்பும்போது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு), விண்டோஸ் கோப்புகள், டிரைவர்கள், நிரல் கோப்புகள், விண்டோஸ் அப்டேட்டுகள் பின்னே போகும். டாக்குமெண்ட், படம், எக்செல் தாள், மின்னஞ்சல் போன்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு விதிவிலக்கு: பேட்ச் (.bat) கோப்பு, ஸ்கிரிப்ட், இஎக்ஸ்இ ஆகியவை பயனரின் ஃபோல்டரில் இருந்தாலும் மாறக்கூடும். நிரல் எழுதுபவர்கள் சென்ற வாரம் டெஸ்க்டாப்பில் எழுதி வைத்த ஸ்கிரிப்டை வெளியே நகலெடுக்காமல் ரீஸ்டோர் செய்யக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல், நிரல் பின்னே போய்த் தரவு முன்னே நிற்பது. டேலி பிரைம் 3.0 வந்தபோது பழைய கம்பெனித் தரவைப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றிய பிறகு, மாற்றத்துக்கு முந்தைய பாயின்ட்டுக்குக் கணினியைத் திருப்பினால் பழைய டேலியும் புதிய தரவும் எதிரெதிரே நிற்கும். பழையது புதியதைத் திறக்காது. டேலி என்றில்லை, தரவின் அமைப்பை மாற்றுகிற எந்த மென்பொருளுக்கும் இது பொருந்தும். இடைப்பட்ட நாளில் எந்த மென்பொருள் பெரிய பதிப்புக்குத் தாவியது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த லேப்டாப்பில் அப்படி எதுவும் இல்லை.

அலுவலக டொமைனில் (ஒரு சர்வர் நிர்வகிக்கும் கணினிக் கூட்டம்) சேர்த்த கணினி என்றால் இன்னொரு தொல்லை. கணினிக்கும் டொமைன் சர்வருக்கும் இடையே ஒரு மறைவான பாஸ்வேர்டு உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாறும். மாறியதற்கு முந்தைய நாளுக்குத் திருப்பினால் சர்வர் கணினியை அடையாளம் காணாமல் போகலாம். லோக்கல் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இல்லாமல் அங்கே ரீஸ்டோர் செய்வது நல்லதில்லை.

ஆரம்பிக்கும் முன்

தரவை நகலெடுத்தாயிற்று. சேஃப் மோடில் விண்டோஸ் திறப்பதால் இந்த முறை சாதாரணமாகவே காப்பி செய்ய முடிந்தது: டேலி தரவு ஃபோல்டர், பயனர் ஃபோல்டர், டெஸ்க்டாப், எல்லாம் சேர்த்து 31 ஜிபி. சேஃப் மோடும் வராத கணினிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ரெகவரி திரையில் கட்டளை தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று தட்டி எண்டர் கொடுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓபன்; கீழே கோப்பு வகையை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். அந்தச் சிறு ஓபன் ஜன்னலே ஒரு எக்ஸ்புளோரர் மாதிரி வேலை செய்யும்: ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்க்குக்குப் போய் பேஸ்ட். முன்னேற்றம் காட்டும் பட்டை வராது. உறைந்துபோன மாதிரி தெரியும். வெளி டிஸ்க்கின் விளக்கு மினுங்குகிற வரை காப்பி நடக்கிறது என்று அர்த்தம், ஜன்னலை மூட வேண்டாம்.

ஃபோல்டர்கள் பெரிதாக இருந்தால் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை மேல். மூல ஃபோல்டர், சேருமிடம், அதற்குப் பின் ஸ்லாஷ் இ, ஸ்லாஷ் எக்ஸ்ஜே, ஸ்லாஷ் ஆர்:1, ஸ்லாஷ் டபிள்யு:1. எக்ஸ்ஜே முக்கியம். பயனர் ஃபோல்டருக்குள் தன்னையே சுட்டும் சில போலி ஃபோல்டர்கள் இருக்கின்றன; எக்ஸ்ஜே இல்லாவிட்டால் காப்பி அதற்குள் புகுந்து முடிவில்லாமல் சுற்றும். ஆர்:1 போடாவிட்டால் படிக்க முடியாத ஒரே கோப்பில் நின்று பத்து லட்சம் முறை முயன்றுகொண்டிருக்கும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு.

பிறகு சார்ஜரைச் செருகியது. ரீஸ்டோர் நடுவில் கரண்ட் போனால் பாதி பழையது, பாதி புதியது என்ற ரெஜிஸ்ட்ரியோடு மாட்டிக்கொள்வீர்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். டோக்கன், பிரிண்டர், பென்டிரைவ் எல்லாம் கழற்றியாயிற்று. கடைசியாக, இந்தக் கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியலை மொபைலில் படம் எடுத்துக்கொண்டது.

எந்த பாயின்ட்

ஸ்டார்ட் மெனுவில் ஆர், எஸ், டி, ஆர், யு, ஐ என்ற 6 ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ரீஸ்டோர் ஜன்னல் திறக்கும். பட்டியலைப் பார்க்க மட்டும்தான் இங்கே திறந்தது. முதலில் ஒன்றோ இரண்டோ பாயின்ட்தான் தெரியும். ஷோ மோர் ரீஸ்டோர் பாயின்ட்ஸ் என்ற கட்டத்தை டிக் செய்தால் மிச்சமும் வரும். மூன்று இருந்தன. கடைசிப் பாயின்ட் முந்தின நாள் காலை 10:15, வகை விண்டோஸ் அப்டேட்.

டிரைவர் புதுப்பிக்கும் மென்பொருளின் அமைப்பில், வேலை தொடங்கும் முன் ரீஸ்டோர் பாயின்ட் எடுக்கும் தேர்வு டிக் ஆகித்தான் இருந்தது. ஆனாலும் 6:40-க்கு ஒரு பாயின்ட்டும் இல்லை. காரணம் எளிது. விண்டோஸ் 8 முதல், கடந்த 1440 நிமிடங்களுக்குள், அதாவது 24 மணி நேரத்துக்குள் ஒரு பாயின்ட் உருவாகியிருந்தால், மென்பொருள்கள் கேட்கும் புதிய பாயின்ட்டை விண்டோஸ் சத்தமில்லாமல் தவிர்த்துவிடும். காலையில் அப்டேட்டுக்காக ஒன்று எடுத்தாகிவிட்டது. மாலையில் கேட்டது தள்ளப்பட்டது. "பாயின்ட் எடுத்தாயிற்று" என்று ஒரு மென்பொருள் சொல்வதை நம்பி இறங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சிஸ்டம் புரொட்டெக்ஷன் ஜன்னலில் கிரியேட் பட்டனை நாமே அழுத்தினால் இந்தத் தடை இல்லை.

பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் ஃபார் அஃபெக்டெட் புரோகிராம்ஸ் பார்த்ததில், மேல் பட்டியலில் நீங்கப் போகிறவை: அந்த நான்கு டிரைவர், அந்த இலவச மென்பொருள், காலையில் ஏறிய விண்டோஸ் குமுலேட்டிவ் அப்டேட். கீழ்ப் பட்டியலில் திரும்பி வரப் போகிறவை: பழைய டிரைவர்கள். தமிழ் கீபோர்டு மென்பொருளும் டோக்கன் டிரைவரும் எதிலும் இல்லை. ஆகவே அவை பாயின்ட்டுக்கு முந்தியவை, பிழைத்துவிடும். ரீஸ்டோரில் நான்கு நிமிடம் செலவழிக்க மிகத் தகுதியான பகுதி இந்தப் பட்டியல். கேன்சல் கொடுத்து வெளியே வந்தாயிற்று.

எங்கிருந்து திருப்புவது

கேன்சல் கொடுத்த காரணம், நீங்கும் பட்டியலில் இருந்த அந்த விண்டோஸ் அப்டேட். ஒரு விண்டோஸ் அப்டேட்டையும் சேர்த்துப் பின்னே இழுக்கும் ரீஸ்டோரை, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து தொடங்கினால், ரீஸ்டார்ட் ஆகும்போது சி000021ஏ என்ற நிறுத்தப் பிழையில் விழ வாய்ப்பிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டே இதை விளக்கியிருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் கோப்புகளை உடனே மாற்ற முடியாது என்பதால், அடுத்த பூட்டில் மாற்ற வேண்டும் என்று குறித்து வைக்கிறது விண்டோஸ். டிரைவர்களின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் கேட்டலாக் கோப்புகள் பழைய நிலைக்குப் போய்விடுகின்றன. ஆனால் டிரைவர் கோப்புகள் மாறுவதற்கு முன்பே பூட் தொடங்கி, புதிய டிரைவர்கள் ஏறப் பார்க்கின்றன. கையெழுத்து பொருந்தவில்லை, கணினி நின்றுவிடுகிறது.

அப்படி ஏற்கெனவே விழுந்திருந்தால் பதற வேண்டாம். ரெகவரி திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், எஃப்7 அழுத்தி டிரைவர் கையெழுத்துச் சரிபார்ப்பை அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் நிறுத்தினால், பாதியில் நின்ற ரீஸ்டோர் தொடர்ந்து முடியும். ஆனால் விழாமலிருக்க வழி இருக்கும்போது அதைத்தான் செய்ய வேண்டும்: ரெகவரி சூழலிலிருந்து ரீஸ்டோர். அங்கே சி டிரைவின் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும், எந்தக் கோப்பும் பயன்பாட்டில் இருக்காது.

ஒரு விலை உண்டு. சேஃப் மோடிலோ ரெகவரி திரையிலோ செய்த ரீஸ்டோரை அன்டூ செய்ய முடியாது. பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப ஓட்டலாம், அவ்வளவுதான். தரவு நகல் கையில் இருக்கும்போது இந்த விலை கொடுக்கத் தக்கதே.

முதல் ஓட்டம், 80070091

ரெகவரி திரையில் சிஸ்டம் ரீஸ்டோர், 10:15 பாயின்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சில கணினிகளில் "எந்த விண்டோஸைத் திருப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்" என்ற பிழை இங்கேயே வரும். அப்போது கமாண்ட் பிராம்ப்டில் அதே 6 எழுத்து நிரலை, ஸ்லாஷ் ஆஃப்லைன், கோலன், சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டர் பாதை, சமக்குறி, ஆக்டிவ் என்று இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்ட வேண்டும். ரெகவரி சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். விண்டோஸ் இருப்பது டி டிரைவாகவும் இருக்கலாம். ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளை போட்டு யூசர்ஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்கள் எங்கே தெரிகின்றன என்று பார்த்த பிறகுதான் எழுத்தைத் தட்ட வேண்டும்.

இங்கே அந்தச் சிக்கல் வரவில்லை, வேறொன்று வந்தது. "இனிஷியலைசிங்" மூன்று நிமிடம், "ரீஸ்டோரிங் ஃபைல்ஸ்" ஏழு நிமிடம், பிறகு தோல்வி. பிழை எண் 80070091 என்று முடிந்தது. "ஃபோல்டர் காலியாக இல்லை" என்பது அதன் பொருள். விவரத்தில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரின் பெயர். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகள் வசிக்கும் இடம் அது. ரீஸ்டோர் அந்த ஃபோல்டரைக் காலி செய்து பழையதை வைக்க முயல்கிறது, உள்ளே நீக்க முடியாத ஒன்று இருக்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வு அந்த ஃபோல்டரை வழியிலிருந்து விலக்குவது. ஓடும் விண்டோஸில் என்றால் உரிமையை மாற்றவே பெரிய பாடு. ரெகவரி கமாண்ட் பிராம்ப்ட் சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தில் ஓடுவதால் மூன்று வரிதான்: புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போவது, ஆட்ரிப் கட்டளையால் விண்டோஸ்ஆப்ஸின் மறைப்பை மைனஸ் ஹெச் போட்டு நீக்குவது, ரென் கட்டளையால் விண்டோஸ்ஆப்ஸ்ஓல்ட் என்று பெயர் மாற்றுவது. நீக்கவே கூடாது, பெயர் மட்டும் மாற்ற வேண்டும். ரீஸ்டோர் இரண்டாம் முறையும் தோற்றால் அதே பெயருக்குத் திருப்பி வைக்க அது வேண்டும்.

வேறு எண் வந்தால் வேறு கதை. 80070005 என்றால் அனுமதி மறுப்பு. பெரும்பாலும் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறது, ரெகவரியிலிருந்து ஓட்டினாலே தீரும். 80042308 என்றால் அந்த ஷேடோ காப்பியே அழிந்துவிட்டது, வேறு பாயின்ட் பார்க்க வேண்டும். 81000203 என்றால் வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ் வேலை செய்யவில்லை. கணினியை வேகமாக்கும் வழி என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை டிசேபிள் செய்தவர்களின் கணினியில்தான் இதை அதிகம் பார்க்கலாம். சர்வீசஸ் பட்டியலில் அதுவும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஷேடோ காப்பி புரொவைடரும் மேனுவல் நிலையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஓட்டம்

அதே பாயின்ட், அதே வழி. கோப்புகள் 9 நிமிடம். "ரீஸ்டோரிங் ரெஜிஸ்ட்ரி" என்ற வரி வந்து வெகுநேரம் அசையாமல் நின்றது. இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திவிடுவார்கள். எஸ்எஸ்டியில் 5 முதல் 15 நிமிடம், பழைய ஹார்டுடிஸ்க்கில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கைவிடவே கூடாத கட்டம் இது. மொத்தம் 24 நிமிடத்தில், ரீஸ்டோர் வெற்றி என்ற செய்தி.

ரீஸ்டார்ட் கொடுக்கும் முன் ரவுட்டரை அணைத்தாயிற்று. இது சிறிய விஷயம்போலத் தெரியும். பலரின் உழைப்பு வீணாவது இங்கேதான். கணினி இணையத்தைத் தொட்டதும் விண்டோஸ் அப்டேட் சில டிரைவர்களைத் தானே இழுத்துவரும்; வேறு ஒரு டிரைவர் அதே சிக்கலைக் கொண்டுவந்தால் எது குற்றவாளி என்றே தெரியாது.

முதல் பூட்டில் டெஸ்க்டாப் முழுதாக வந்தது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் ஏதுமில்லை. டிஸ்பிளே டிரைவரின் தேதி, அந்த மென்பொருள் ஏற்றியதற்கு முந்தைய தேதி. பிஎன்பியூட்டில் கட்டளையால் டிரைவர் பட்டியலை எடுத்துப் பார்த்ததில் புதிய புளூடூத் டிரைவரின் பொதி மட்டும் டிரைவர் ஸ்டோரில் (டிரைவர் பொதிகளை விண்டோஸ் வைத்திருக்கும் இடம்) மிச்சமிருந்தது; அதே கட்டளையின் டிலீட்-டிரைவர் வழியாக நீக்கியாயிற்று. விட்டு வைத்தால் சாதனத்தைக் கழற்றி மாட்டும்போது விண்டோஸ் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

பிறகு ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட் என்ற வரிசையில் இறங்கி, எக்ஸ்குளூட்டபிள்யுயுடிரைவர்ஸ்இன்குவாலிட்டிஅப்டேட் என்ற டிவேர்டு (எண் வகை) மதிப்பை 1 ஆக்கியது. புரோ பதிப்பில் குரூப் பாலிசியில் "விண்டோஸ் அப்டேட்டுடன் டிரைவர்களைச் சேர்க்காதே" என்று இருப்பதும் இதே அமைப்புதான். அதன் பின்புதான் ரவுட்டர் ஆன். கழன்று போன குமுலேட்டிவ் அப்டேட் திரும்ப ஏறியது, ஒரு தொல்லையும் இல்லை. பாதுகாப்பு அப்டேட்டை ரீஸ்டோர் கழற்றிவிட்டது என்பதை மறந்து, கணினியை அப்படியே ஒப்படைப்பது தவறு.

டேலி திறந்தது, லைசென்ஸ் அப்படியே. டோக்கன் அடையாளம் காணப்பட்டது. பிரிண்டரில் ஒரு பக்கம் வந்தது. தமிழ் கீபோர்டு பழைய அமைப்பிலேயே இருந்தது. டிரைவர்களுக்கு இனி லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண் போட்டு எடுப்பது ஒன்றுதான் வழி என்று அலுவலகத்தில் சொல்லியாயிற்று.

அடுத்த முறைக்கு

பல கணினிகளில் சிஸ்டம் புரொட்டெக்ஷன் ஆஃப் நிலையிலேயே வருகிறது. இதில் யாரோ முன்பே ஆன் செய்து வைத்ததால்தான் மேலே சொன்ன எதுவும் சாத்தியமாயிற்று. அதில் 3% இடம் மட்டுமே ஒதுக்கியிருந்தது. 5% ஆக உயர்த்தியது, சுமார் 12 ஜிபி. விஎஸ்எஸ்அட்மின் கட்டளையில் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ் போட்டால் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும்.

அந்த 24 மணி நேரத் தடையையும் எடுத்தாயிற்று: ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், சிஸ்டம்ரீஸ்டோர் என்ற இடத்தில் சிஸ்டம்ரீஸ்டோர்பாயின்ட்கிரியேஷன்ஃப்ரீக்வென்சி என்ற டிவேர்டு, மதிப்பு 0. டாஸ்க் ஷெட்யூலரில் வாரம் ஒருமுறை, ரீஸ்டோர் பாயின்ட் எடுக்கும் செக்பாயின்ட்-கம்ப்யூட்டர் கட்டளை ஓடும்படி வைத்தது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-ல்தான் அந்தக் கட்டளை உண்டு. பவர்ஷெல் 7-ல் வைத்தால் தெரியாத கட்டளை என்று சொல்லிவிடும்.

எத்தனை பாயின்ட் சேர்த்தாலும் எல்லை உண்டு. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு 60 நாளைத் தாண்டிய பாயின்ட் கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் பழைய பாயின்ட்டுகளைத் துடைத்துவிடக்கூடும். அதற்குத் தனியாக, முந்தைய பதிப்புக்குத் திரும்பும் கோ பேக் வசதி இருக்கிறது, வழக்கமாக 10 நாள்தான். டிஐஎஸ்எம் கட்டளையில் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ மூலம் அதை 60 நாள் வரை நீட்டலாம். பதிப்பு மாறிய அந்த 10 நாளுக்குள் செய்ய வேண்டும், பழைய பதிப்பு இருக்கும் விண்டோஸ் டாட் ஓல்ட் ஃபோல்டரை இடம் பிடிக்கிறதே என்று யாரும் அழித்திருக்கக் கூடாது. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஷேடோ காப்பிகள்மீதுதான். ஆகவே டேலி தரவுக்கு வெளி டிஸ்க்கில் தினமும் ஒரு நகல், வேலை முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைப்பது என்று தனியாக ஏற்பாடு.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது ஸ்டோர் செயலிகள் எல்லாம் திறந்தன. கட்டளை தட்டும் செயலியான டெர்மினல் மட்டும் முதலில் திறக்க மறுத்தது, ஸ்டோரிலிருந்து மறுபடி நிறுவியதும் சரி. அதன் பிறகே விண்டோஸ்ஆப்ஸ்ஓல்ட் ஃபோல்டரை ரெகவரி கமாண்ட் பிராம்ப்டிலிருந்து நீக்கியது. 6 ஜிபி திரும்பக் கிடைத்தது. வாராந்திரப் பாயின்ட்டும் குறித்த நாளில் பட்டியலில் ஏறியிருந்தது.